கேமராவுக்கு ஒரு சீட்

விடிகாலையில் நூற்றுப்பத்து கிலோ மனிதரை நாலாவது மாடியிலிருந்து இறக்கினால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் ஆம்புலன்ஸ் டிரைவர் சைரன். தொண்டை வாங்கிக் கொடுத்த பெயர். கால்மாட்டைப் பிடித்து முன்னால் இறங்கியவன் ஒல்லி. கூடத் தாங்க வேண்டிய மூன்றாவது ஆளைக் கம்பெனி போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆபத்தில் உயிர் காப்பவர்களை அப்படியே படம்பிடிக்கும் டிவி தொடர் ஒன்றுக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. வண்டியில் அந்த மூன்றாவது ஆளின் சீட்டில் இப்போது கேமராக்காரர்.

அவர் கீழே பின்னோக்கி இறங்கியபடி விளக்கை ஒல்லியின் முகத்தில் அடித்தார்.

"அண்ணே, லைட்டைத் தணிங்க. படி தெரியல!"

"ரெண்டே நிமிஷம்ப்பா. வேர்வையெல்லாம் அருமையா விழுது."

அடுத்த படி ஒல்லியின் காலுக்கு அகப்படவில்லை. ஸ்ட்ரெச்சர் சரிந்தது. நோயாளி உருளாமலிருக்க முழங்காலை அடியில் கொடுத்தான். அது முறிந்த சத்தம் தலைமாடு வரை கேட்டது. நோயாளி பிழைத்தார்.

மதியம் கம்பெனி முதலாளி சைரனிடம் ஒரு தாளை நீட்டினார். "கவனக்குறைவா விழுந்தேன்னு ஒல்லி ஒத்துக்கிட்டா ஆபரேஷன் என் பொறுப்பு. நீ சாட்சிக் கையெழுத்துப் போடு."

"மூணாவது ஆள் இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டான் சார்."

"ஊரே உன்னை ஹீரோங்குது. ஹீரோ பேசற பேச்சா இது?"

"ஹீரோவுக்கு இடுப்பு நிமிரல சார்."

"அப்போ சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

சைரன் சாவியை வைக்கவில்லை, வெளியே வந்தான். வண்டிகளுக்கு நடுவே நின்ற மற்ற ஐந்து டிரைவர்களிடமும் நர்சக்காவிடமும் எல்லாவற்றையும் கொட்டினான். "மூணாவது ஆளை அனுப்பின அன்னிக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? டிவியில வரப்போறேன்னு சீப்பு வாங்கினேன்." யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் பவுடரே வாங்கியிருந்தார்கள்.

நர்சக்காதான் பேசினாள். "இன்னிக்கு ஒல்லி முட்டி, நாளைக்கு யாருதோ? நோயாளியை விட முடியாது. கேமராவை விடலாமே! அந்த சீட்டுக்கு ஆள் வேணும், ஒல்லிக்கு வைத்தியம் வேணும். அதுவரைக்கும் எந்தத் தாள்லயும் எவனும் கையெழுத்துப் போடக் கூடாது."

அப்போதே அழைப்பு வந்தது: மில்லில் ஒருவர் கை இயந்திரத்தில் சிக்கியிருக்கிறது. சைரனோடு நர்சக்காவும் இன்னொரு டிரைவரும் ஏறினார்கள். ஓடிவந்த கேமராக்காரரின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது.

ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார். "கேமரா இல்லாம போனா எவனும் திரும்பி வரக் கூடாது!"

"வந்து பேசிக்கலாம் சார். அங்க ஆள் துடிச்சிட்டிருக்காரு."

வண்டி திரும்பும்போது சைரன் கண்ணாடியில் பார்த்தான். மிச்சமிருந்த நாலு பேரும் அந்த ஜன்னலுக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், வண்டிச் சாவிகளை இறுகப் பிடித்தபடி. பிடுங்குவதென்றால் நாலு பேரிடமும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டும். முதலாளிக்கு இருந்ததோ இரண்டே கை.