இரண்டாவது கூடை

அழகுத்தாய் இரண்டு கூடைகளுக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். முதுகில் தொங்கியது அவளுடைய கூடை. சரிவில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது குருவம்மாளுடையது. கை நிறைந்ததும் கீழே இறங்கி அதில் இரண்டு பிடி கொழுந்து போடுவாள். மறுபடி ஏறி விட்ட இடத்தில் பறிப்பாள்.

பக்கத்து நிரைப் பெண்களும் கடந்து போகும்போது ஆளுக்கொரு பிடி போட்டார்கள். சின்னத்தாய் மட்டும் சும்மா போட மாட்டாள்.

"எங்கூடையே நிறையல. இதுல வீட்ல உக்காந்திருக்கவளுக்கும் நான் படியளக்கணும்" என்றாள் இன்றைக்கு.

அழகுத்தாய் பறித்துக்கொண்டே இருந்தாள். பேசினால் கை நிற்கும். இன்று கை நிற்கக் கூடாது என்று காலையிலிருந்தே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கை நின்றால் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா பெரியமுத்து இந்தத் தோட்டத்தில் கவாத்துக்காரராக இருந்தவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை. போன மழைக்கு முன் ஒரு நாள் கத்தியோடு செடி மேலேயே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன் பிறகு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும், ஊட்டவும், துடைக்கவும் பகல் முழுவதும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அழகுத்தாய் வீட்டில் இருந்தால் ஆள் கணக்கிலிருந்து அவள் பேர் விழும். பேர் இல்லாதவர்களுக்குத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அறை இல்லை. புருஷன் பிச்சைமணி ரோட்டு வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். முடியாதவர்களை ஊருக்கு இறக்கிவிடுவது தோட்டத்து வழக்கம். பெருவெள்ளத்தில் உடைந்த ரோடு இன்னும் சரியாகவில்லை. போடி இறக்கம் வரை ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படித் தூக்கிப் போன ஒருவர் அடிவாரம் வரை கூடப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தாலும் ஊரில் அப்பாவுக்கு யாரும் இல்லை.

அவள் லயம் லயமாகப் போய்க் கேட்டாள். கை கால் நன்றாக இருப்பவர்கள் எல்லாரும் மலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கிழவி, ஆம்பளையைக் கழுவித் துடைக்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். கடைசியில் பக்கத்து அறைக் குருவம்மாள் தானாகவே வந்தாள். வழுக்கி விழுந்ததில் அவளுக்கு ஒரு முழங்கால் மடங்காமல் போயிருந்தது. சரிவில் நிற்க முடியவில்லை. அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"காசு வேண்டாம் தாயி. எம்பேரு விழாமப் பாத்துக்க" என்றாள்.

அன்றிலிருந்து இப்படித்தான். விடியற்காலைப் பெரட்டில் இரண்டு பேரும் வரிசையில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டதும் குருவம்மாள் குரல் கொடுப்பாள். பாதை வளைகிற இடம் வரை மற்றவர்களோடு நடந்து, அங்கே கூடையை அழகுத்தாயிடம் கொடுத்துவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போய்விடுவாள். கங்காணி வீரபாண்டிக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு உண்டு. அதனால் அந்த வளைவில் அவர் வேறு பக்கம் பார்ப்பார். தராசில் அழகுத்தாய் இரண்டு கூடைகளையும் மாட்டுவாள். கணக்கப்பிள்ளை மத்தியாஸ் எடையைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்ப்பதில்லை.

அப்பாவுக்குக் குருவம்மாளோடு தினமும் சண்டை. கஞ்சியில் உப்பு இல்லை என்பார். அவளுக்குக் கங்காணியம்மா என்று பேர் வைத்திருந்தார். அவள் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் திருநீற்றுக் குடுக்கையை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வார். குளிக்காத உடம்புக்குத் திருநீறு எதற்கு என்று கேட்பார். அவர் சாய்ந்த நாளிலிருந்து குடுக்கை மூடியே இருந்தது.

இன்று காலையில் அவர் சண்டை போடவில்லை. கஞ்சி கடைவாய் வழியாக வழிந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வந்திருந்தது. அழகுத்தாய் பெரட்டுக்குக் கிளம்பாமல் நின்றாள்.

"நிக்காத. முதல்ல போய்ப் பேரக் குடுப்போம். நான் திரும்பி வந்துருவேன்ல" என்றாள் குருவம்மாள்.

"கடைசித் தண்ணி நான்தான் ஊத்தணும் சித்தி. வேற பிள்ள இல்ல அவருக்கு."

"ஏதாச்சும்னா எப்படியாவது சொல்லி விடுதேன். நட."

மத்தியான நிறுவை முடிந்ததும் வீரபாண்டி அவள் நிரைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"சாயங்காலம் தொரை தராசுகிட்ட நிக்காரு. மேல்மலையில நேத்துப் பொய்ப்பேரு பிடிச்சிட்டாக. ஒவ்வொருத்தியும் தன் கூடையோட தானே வந்து நிக்கணுமாம்."

"சித்தி வரலன்னா?"

"அவ பேரு போகும். சேத்துப் பறிச்ச ஓம்பேரும் போகும். அப்புறம் ஒங்கப்பன இறக்கிவிட நாலு ஆள் தேடிக்க. நான் கண்ண மூடுனது போதும் புள்ள. எனக்கும் குடும்பம் இருக்கு."

அவர் போன பிறகும் அவள் கை பறித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது நிரையில் பூமாரி கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்கிற பிள்ளை இருப்பதால் அவளை மத்தியானம் லயத்துக்குப் போய்வர விடுவார்கள். அழகுத்தாய் அவளிடம் போனாள். சொல்லி விடுவதற்கு இரண்டு இருந்தன. சாயங்காலம் நிறுவைக்கு வர வேண்டும் என்பது ஒன்று. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் வர வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னால் குருவம்மாள் வர மாட்டாள்.

"சாயங்கால நிறுவைக்குச் சித்தியை வரச்சொல்லு. தொரை நிக்காருன்னு சொல்லு."

"வேற ஏதும் சொல்லணுமா அக்கா?"

"வேற ஒண்ணுமில்ல."

பூமாரி இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வளைவு வரை கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.

திரும்பி வந்த பூமாரி சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வாறேன்னாக. கதவத் தொறக்கல. உள்ள இருந்தே சொன்னாக."

"அப்பா இருமினாரா?"

"கேக்கல அக்கா. எம்பிள்ள அழுதுட்டே இருந்துச்சு."

பிற்பகலில் பனி விலகி லயத்துக் கூரைகள் தெரிந்தன. மலைக்குப் போனவர்கள் திரும்புகிற வரை அங்கே அடுப்பு எரியாது. இன்று ஒரு கூரையிலிருந்து மட்டும் புகை வந்தது. அது தங்கள் அறைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கஞ்சி சுட வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கஞ்சி கேட்டிருக்கிறார் என்றால் நல்லதுதான். புகை வெகுநேரம் வந்தது. ஒரு வாய்க் கஞ்சிக்கு அவ்வளவு நேரம் எரிய வேண்டியதில்லை. அவள் செடியைப் பார்த்துப் பறித்தாள்.

சாயங்காலம் தராசுக் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தொரை மத்தியாஸுக்குப் பக்கத்தில் நின்றார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. ஒவ்வொரு பேருக்கும் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல்களில் கறை ஏறிக் கருத்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

குருவம்மாளைக் காணவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வீரபாண்டி இரண்டு தடவை பாதையைப் பார்த்துவிட்டு அழகுத்தாயைப் பார்த்தார்.

அப்போது குருவம்மாள் குச்சியை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. கொட்டகை தெரிந்த இடத்தில் குச்சியைச் செடிக்குள் போட்டாள். அதற்குப் பிறகு நொண்டாமல் நடந்தாள். முகம் வேர்த்திருந்தது. வந்து அழகுத்தாயின் முன்னால் நின்று கூடையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா?"

"தூங்குதாரு."

அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தானே வரச்சொல்லிவிட்டு, வந்தவள் மேல் அழகுத்தாய்க்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அவள் கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டு வேலை மட்டும் செய்த விரல்கள்.

"கையக் குடுங்க" என்றாள் மெதுவாக.

கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்துக் கசக்கினாள். சாறு வரும் வரை கசக்கிக் குருவம்மாளின் விரல்களைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். அந்த விரல்களில் வெந்நீரில் வெகுநேரம் இருந்த சுருக்கம் இருந்தது. நடு மூன்று விரல்களின் நுனியிலும் நகத்து ஓரங்களிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. திருநீறு.

அழகுத்தாயின் கை நின்றது.

குளிக்காத உடம்புக்குத் திருநீறு எதற்கு. யாரோ அவளுக்குள் அதைச் சொன்னார்கள். அப்பாவின் குரல்தான். அவர் குளித்திருக்கிறார். கூரை மேல் வெகுநேரம் நின்ற புகை அதற்குத்தான்.

குருவம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு உதடு அசையாமல் சொன்னாள்.

"தேய் தாயி. தொரை பாக்காரு."

அவள் தேய்த்தாள். வெள்ளையின் மேல் பச்சை ஏறியது. பிறகு பச்சை கறுத்தது.

மத்தியாஸ் குருவம்மாளின் பேரைக் கூப்பிட்டார். அவள் மடங்காத காலை விறைப்பாக வைத்துக்கொண்டு போய் நின்றாள், கையை நீட்டினாள். தொரை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்தது அழகுத்தாய். கூடையை மாட்டும்போது கொக்கி இரண்டு தடவை நழுவியது. முத்தல் இலை கிடக்கிறது என்று மத்தியாஸ் சொன்னார். தொரை அவள் கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்து மடித்துப் பார்த்தார். அது ஒடிகிறதா வளைகிறதா என்று அவரோடு சேர்ந்து அவளும் பார்த்தாள். அவர் இலையைத் திரும்பக் கூடையில் போட்டார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

பாதை வளைவு வரை இருவரும் நடந்தார்கள். அங்கே குருவம்மாளுக்குக் கால் தாங்கவில்லை. அழகுத்தாய் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எப்ப?"

"பூமாரி வாறதுக்குக் கொஞ்சம் முந்தி."

"அவகிட்டச் சொல்லல."

"சொல்லியிருந்தா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்ப. தராசுல நான் இல்ல, நீயும் இல்ல."

கொஞ்ச தூரம் இறங்கினார்கள்.

"அப்பாவுக்கு முடியலன்னா வர வேண்டாம்னு நான் சொல்லி விடல சித்தி."

"தெரியும்."

லயம் நெருங்கியபோது அழகுத்தாய் கேட்டாள்.

"தண்ணி?"

"ஊத்தினேன். ஓம்பேரச் சொல்லித்தான் ஊத்தினேன். முழுங்கினாரு."

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அப்பாவுக்குத் துவைத்த வேட்டி கட்டியிருந்தது. தாடையையும் கால் பெருவிரல்களையும் துணிக் கிழிசலால் கட்டியிருந்தாள். நெற்றியில் மூன்று கோடுகள், வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தன. செத்தவரைத் தனியாக விடக்கூடாது. துணைக்கு இரும்பாவது இருக்கட்டும் என்று அவருடைய கவாத்துக் கத்தியை விலாப்பக்கம் வைத்துவிட்டு வந்திருந்தாள். அழகுத்தாய் உட்கார்ந்து கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பிச்சைமணி வந்து சேர்ந்த பிறகு அடக்கம் செய்தார்கள். அதற்கு அடுத்த நாள் பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள்.

வரிசையில் சின்னத்தாய் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியவரும் போய்ச் சேந்துட்டாரு. இனி அவளுக்கு நான் ஒரு பிடி போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

பேர்கள் கூப்பிட்டு முடிந்து எல்லாரும் நடந்தார்கள். பாதை வளைகிற இடத்தில் குருவம்மாள் நின்றாள். லயத்தில் அவளுக்கு இனி வேலை இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஓர் அடி எடுத்து வைத்தாள், பிறகு அடுத்த காலை இழுத்தாள். வீரபாண்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகுத்தாய் பின்னால் வந்து அந்தக் கூடையை எடுத்துக்கொண்டாள். குருவம்மாளின் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறினாள். வீரபாண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பனியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

முதல் நிரையில் கல் தேடிக் கூடைக்கு முட்டுக் கொடுத்தாள். முதல் பிடியை அதில் போட்டாள். அந்த வழியாக வந்த சின்னத்தாய் கூடையைத் தாண்டிப் போனாள். நான்கு செடி தள்ளிப் போய், பறிக்காமல் நின்று திரும்பிப் பார்த்தாள். கூடையின் அடியில் அந்த ஒரு பிடி ஈரத்தோடு கிடந்தது.