உருண்டையாகாத துளிகள்

இத்தோ தர வேண்டியது எழுநூற்று நாற்பது திர்ஹம் என்று நடையிலிருந்த அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். பேஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள் அவள். அழுக்குக் குழாய்களால் பேராசிரியர் உஸ்தாத் ஸெப்தியின் எண்ணெய் மாதிரிகள் பன்னிரண்டு பாழாயினவாம். புட்டி கலங்கலாக இருந்ததைக் கண்டதும் எழுதிவிட்டார்கள். யாரும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கவில்லை.

பணம் போனாலும் தாங்கலாம். அந்த 'அழுக்கு'தான் அவளுக்குத் தாங்கவில்லை. பள்ளிவாசல் வகுப்பில் போன வருஷம்தான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் வாசித்த முதல் சொல் அது.

சோப்பு தீர்ந்து இரண்டு மாதம். மூன்று தடவை கேட்டும் வரவில்லை. அதனால்தான் வீட்டில் தலைக்குத் தேய்க்கும் கஸூல் களிமண்ணைக் கொண்டுவந்து தேய்த்தாள்.

வியாழக்கிழமை ஆராய்ச்சி மாணவி கிஸ்லான், கொட்டாமல் வைத்திருந்த ஒரு புட்டியை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இத்தோக்கா, தண்ணிக்குள்ள எண்ணெய்த் துளி எப்படி இருக்கும்?"

"உருண்டையா."

"இதைப் பாருங்க."

சில துளிகள் பேரீச்சம்பழம் போல நீண்டிருந்தன. சில வேர்க்கடலை போல இடுப்பு ஒடுங்கியிருந்தன. மூன்று வாரமாகியும் குலையவில்லை.

"உங்க களிமண் தூள் துளி மேல தோலா அப்பிக்கிச்சு. ரெண்டு துளி சேரும்போது தூளெல்லாம் தோளோட தோள் இறுகிப்போச்சு. சுருங்கி உருண்டையாக வழியில்ல. இப்படி உருண்டையாகாத துளி வராதான்னுதான் ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கோம்."

ஸெப்தி வந்தார். இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றி மாட்டி, உருப்பெருக்கிக்குள் பார்த்தார்.

"போகட்டும் இத்தோ, அந்தப் பணத்தை மன்னிச்சிட்டேன்."

இத்தோ ஈரக்கையைத் துடைத்தாள். "மன்னிக்கிற அளவுக்கு நான் என்ன செஞ்சேன் உஸ்தாத்?"

"பணம் வேணாம்னுதானே சொல்றேன்?"

"சோப்பு வாங்காதது நீங்க. அழுக்குன்னு எழுதினது நீங்க. நஷ்டம்னா என் சம்பளம், லாபம்னா உங்க மன்னிப்பா? பதினோரு வருஷமா நான் கழுவின குழாயிலதான் பரிசெல்லாம் வாங்கினீங்க. அப்ப யார் கழுவினதுன்னு ஒருத்தரும் கேக்கல."

கிஸ்லான் குனிந்து உருப்பெருக்கிக்குள் ஒளிந்துகொண்டாள்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"கடனைக் கோடு போட்டு அடிங்க. அழுக்கையும் அடிங்க. சோப்பு இல்லாததால இத்தோ கஸூல் போட்டுக் கழுவினாள்னு எழுதுங்க. கொட்டை எழுத்தா எழுதுங்க, பொடி எழுத்து எனக்கு வராது."

ஸெப்தி நடையிலிருந்த பலகைக்குப் போனார். அவள் பின்னாலேயே போய் நின்று, அவர் எழுதியதைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். சோப்பு விட்டுப்போயிருந்தது. விரலால் இடத்தைக் காட்டினாள். அவர் அதையும் சேர்த்தார். பிறகு அழுக்கின் மேலும் எழுநூற்று நாற்பதின் மேலும் கோடு இழுத்தார்.