மூலைச் செடி

இப்பல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவன் முதல் வேலையாகப் போனில் சத்தம் வராமல் பண்ணுகிறான். அதையும் நாலு பேர் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்துத்தான் பண்ணுகிறான். என்னமோ செத்தவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும் போல. அப்புறம் சுவரோரமாக நின்று, உதட்டைப் பிதுக்கி, 'நல்ல மனுஷி' என்கிறான். இவனுக்கு எப்படித் தெரியும்? ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்டவனுக்கல்லவா தெரியும்.

டிரைவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயில் ஸ்குரூ இருந்தது. தங்கச்சி படுத்திருந்த அறையின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மதியம் வண்டி வரும். ஸ்ட்ரெச்சர் நடையில் திரும்ப இடம் போதாது. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவருக்கு எந்த வளைவில் எது திரும்பும், எது இடிக்கும் என்பது மட்டும் பார்த்த உடனே தெரியும்.

தங்கச்சி மகள் பின்னால் வந்து நின்றாள். இராத்திரி பஸ்ஸில் வந்தவள். முகம் வீங்கியிருந்தது.

"விடுங்க மாமா. யாராச்சும் ஆளை வெச்சுக் கழட்டிக்கலாம்."

"ஆளு வந்தா கதவைக் கழட்ட மாட்டான். செவுத்தைப் பேத்து வெச்சிட்டுப் போவான்."

"மாலைக்குச் சொல்லிடவா? கடைக்காரர் போன்ல இருக்காரு."

டிரைவர் ஸ்குரூவைக் கையில் துப்பினார். "வேணாம்."

"மாலை இல்லாமயா?"

"கடைப்பூ வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா உங்கம்மா. அவ பாத்தியில இருக்கிற பூதான் வேணுமாம். நான்தான் போய்ப் பறிச்சிட்டு வரணுமாம்."

போனில் கடைக்காரர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நீங்க அந்தத் தோட்டத்துப் பக்கமே போனதில்லையே மாமா."

"அதுக்குத்தானே சொல்லியிருக்கா."

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னாள். மூக்கில் குழாய் இருந்ததால் பாதிதான் கேட்டது. "மூலையில இருக்குண்ணே. நீலமா, சின்னதா. பேரு எனக்கும் தெரியாது. குப்பைமேடா இருந்தப்பவே அங்க தானா மொளைச்சு நின்னுச்சு. அதுல ரெண்டு எடுத்து வை, போதும். யாரையும் அனுப்பாத. நீயே போ."

"முதல்ல வீட்டுக்கு வந்து சேரு. பூவாம், காயாம்" என்றார் இவர். அவள் சிரித்தாள். குழாய் ஆடியது. நர்ஸ் வந்து இவரைத்தான் திட்டினாள்.

புருஷன் போனபிறகு அண்ணனோடு வந்து தங்கியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க மாட்டாமல் அந்தத் தோட்டச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தாள். ஒரு பழைய குப்பைமேட்டைத் தட்டிச் சமன் பண்ணி, வீட்டுக்கு வீடு நன்கொடை கேட்டு, மண் அடித்து, பெஞ்சு போட்டு, 'எல்லாருக்குமான தோட்டம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்தி. காலையில் போனால் இவள் திரும்பும்போது முழங்கை வரை மண்.

"சம்பளம் இல்லாத கூலியா நீ? யாரோ உக்காந்து காத்து வாங்கறதுக்கு நீ எதுக்குக் குனிஞ்சு நிமிர்ற?"

"யாரோ இல்ல. நீயும் வந்து உக்காரலாம்."

"எனக்குக் காத்து ஜன்னல்ல வருது."

கடைசியாகப் போட்ட சண்டை சட்டைக்காக. கட்டம் போட்ட பழைய சட்டை, காலர் நைந்தது. திடீரென்று காணவில்லை. கேட்டதற்கு, "அது சட்டையா? சல்லடை. நல்ல காரியத்துக்குக் குடுத்துட்டேன்" என்றாள். சங்கத்துக்காரர்களுக்குத் தானம் பண்ணிவிட்டாள் என்று நினைத்து இவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

தோட்டம் ரெண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவில் இருந்தது. வாசலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை. டிரைவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். பாதியில் கண் வலித்தது. கீழே ஒரு உண்டியல், சின்னப் பூட்டு. இந்தப் பூட்டை ஹேர்பின்னால் திறக்கலாம். சாவியை வைத்திருக்கிறவனுக்கு அதுவும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே பச்சைத் தொப்பி போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் மண். இவரைப் பார்த்ததும் திரும்பினார்கள்.

சங்கத் தலைவி முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். டிரைவர் இவரை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"வாங்கய்யா. இப்பதான் வீட்டுக்குக் கெளம்பலாம்னு இருந்தோம். நீங்களே வந்துட்டீங்க." கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் மண் ஒட்டியது. "வாங்க, அக்கா பாத்தியைப் பாருங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

வெள்ளையடித்த செங்கல் சுற்றிலும் ஒரே சீராக நின்றது. மண்ணைப் பொடி பொடியாக உடைத்து, கோடு போட்டது போல வாரியிருந்தார்கள். நாலு மூலைக்கும் மஞ்சள் பூச்செடி, ஒரே உயரம், ஒரே இடைவெளி. தொட்டியிலிருந்து எடுத்து இப்போதுதான் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் மண்ணில் முழுசாக இறங்கவில்லை.

"எங்க சங்கத்துல ஒரு வழக்கம்யா. ஒருத்தர் போயிட்டா, எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து அவங்க பாத்தியைச் சுத்தம் பண்ணிடுவோம். அக்காதான் இதை ஆரம்பிச்சு வெச்சாங்க. பக்கத்துப் பாத்திக்காரர் போனப்ப."

"செடியெல்லாம் நர்சரிக்காரர் சும்மாவே குடுத்தாரு" என்றான் பின்னாலிருந்த தடித்த ஆள். தங்கச்சி அடிக்கடி சொல்கிற 'உரமூட்டை' இவனாகத்தான் இருக்க வேண்டும்.

டிரைவர் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

"இங்க நீலமா ஒண்ணு இருந்திருக்கணுமே."

"நீலமாவா?"

"மூலையில."

டீச்சர் உரமூட்டையைப் பார்த்தார். உரமூட்டை இன்னொருத்தியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த களைக்கொத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"என்ன செடிங்கய்யா அது?"

"பேரு தெரியாது."

"இலை எப்படி இருக்கும்? உயரமா, படர்றதா?"

"நான் பாத்ததில்ல."

மேலே ஏதோ ஒரு மாடியில் பிரஷர் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"அவ செத்தா அதுதான் வைக்கணும்னு சொன்னா" என்றார் டிரைவர். "அதுக்குத்தான் வந்தேன்."

"களைதான்யா இருந்துச்சு அங்க" என்றான் உரமூட்டை. "உடம்பு முடியாம அக்கா வராம போனதுல எல்லாம் மண்டிக் கெடந்துச்சு. நாங்க... வேரோட..."

"எங்க போட்டீங்க?"

தோட்டத்தின் கடைசியில் உரக்குழி. மேலே காலையில் கொட்டியது, கீழே மக்கியது. நாலு பாத்தியில் பிடுங்கியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. எது எவருடையது என்று எப்படிச் சொல்வது. டிரைவர் குனிந்தார், முடியவில்லை, மண்டி போட்டார்.

"ஐயா, நீங்க எதுக்கு? நாங்க தேடறோம்."

"நீங்க சுத்தம் பண்ணின லட்சணத்தைத்தான் பாத்தேனே."

ஒவ்வொருவராக வந்து குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கைக்கு வந்ததை எடுத்து, உதறி, தரையில் பரப்பினார்கள். புல், கீரைத்தண்டு, காய்ந்த கொடி. "இதுவா?" என்று ஒருத்தி ஒரு வேரைத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினார். எதை வைத்து ஆட்டினார் என்பது டிரைவருக்குப் புரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் தங்கச்சி மகள் தனியாகக் கதவில்லாத அறையில் உட்கார்ந்திருப்பாள். வந்தவன் போனவன் எல்லாம் 'மாமா எங்கே' என்று கேட்பான்.

போய்விடலாம் என்று ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். அப்போதுதான் விரலில் துணி தட்டியது.

இழுத்தார். கொத்தாக வந்தது. ஒரு சாண் குச்சி. குச்சியோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய தண்டு நாலைந்து. கட்டியிருந்தது கிழித்த துணியால். கட்டம் போட்ட துணி, சாயம் போனது. இழுத்தால் இறுகும், ஒரு முனையைத் தட்டினால் கழன்றுவிடும், தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. வீடு மாறும்போது அட்டைப்பெட்டி கட்டுவதற்காக இவர்தான் ஒருநாள் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினார். 'இதெல்லாம் பொம்பளைக்கு வராது' என்றும் சொன்னார்.

தண்டின் நுனியில் பூக்கள் இருந்தன. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. எல்லாம் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தன. நீலம் என்று சொன்னால்தான் நீலம்.

டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானாய்யா?" என்றார் டீச்சர்.

"இதுதான்."

"நிச்சயமா?"

"எஞ்சட்டை."

டீச்சருக்குப் புரிந்ததோ இல்லையோ, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். உரமூட்டை தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "களைன்னுதான்யா நெனைச்சோம்" என்று மறுபடியும் சொன்னான்.

"களைதான்" என்றார் டிரைவர். "அவளும் அதைத்தான் சொன்னா. தானா மொளைச்சதாம்."

எழுந்திருக்க இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். எழுந்ததும் கையை விடுவித்துக்கொண்டார்.

"ஐயா." டீச்சர் பின்னாலேயே வந்தார். "வேர் இன்னும் காயல. பூவை மட்டும் எடுத்துக்கிட்டு, வேரை எங்ககிட்ட குடுங்க. அதே மூலையில திரும்ப வெச்சிடறோம். அக்கா பேர்ல ஒரு பலகையும்..."

"வெச்சு?"

"நல்லாப் பாத்துக்குவோம்யா."

"அவ படுத்திருந்தது ஒரு மாசம். ஒரு மாசம் பாத்துக்கத் தெரியல உங்களுக்கு." சொன்னபிறகு, தெரு முனையிலேயே இருந்தும் தானும்தான் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை என்பது போல ஒரு கணம் நின்றார். பிறகு, "பலகையெல்லாம் வேணாம். இது அவ கூடவே போவட்டும்" என்றார்.

"நாங்க வீட்டுக்கு வரலாமில்லைங்களா?"

"வாங்க. யார் வேணாம்னா." வாசல்வரை போய்த் திரும்பினார். "தொப்பி வேணாம். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா யாரு யாருன்னு அவ தேட வேண்டி வரும்."

உண்டியலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மஞ்சள் செடிகளை எடுக்கிறார்களோ, வேறு எதையாவது நடுகிறார்களோ. என்னத்தையோ மறுபடியும் பிடுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. குழி முன்னால் மண்டி போட்டு அழுகிறவர்கள்தான் நாளைக்கு நன்கொடை ரசீதோடு கதவைத் தட்டுவார்கள். அவளை ஏமாற்றியிருக்கலாம். டிரைவரை முடியாது.

வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே வந்தது. வலது பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டு அவிழாமல் பார்த்து, செடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தன் நிழலில் பிடித்தபடி நடந்தார்.