புளியமர நிழலுக்கு ஏழாவது ஆள்

ஜீப் வந்து நின்றபோது ஜெயசுதா நிழலில் இருந்தாள்.

அது லேசில் கிடைக்கிற இடமில்லை. செஞ்சிக் கோட்டை வாசலுக்கு எதிரே நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு புளியமரம். அதனடியில் ஒரு தள்ளுவண்டிக்குத்தான் இடம். வாசலில் வியாபாரம் செய்பவர்கள் ஆறு பேர். ஆளுக்கு ஒரு நாள் நிழல், மற்ற நாளெல்லாம் வெயில். யார் போட்ட சட்டமென்று யாருக்கும் தெரியாது. யாரும் மீறியதும் இல்லை. மலையேறி இறங்கி நாக்கு வறண்டு வருகிற கூட்டம் நேராக நிழலுக்குத்தான் வரும். அதிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்! கிழமை ஏழு, ஆள் ஆறு. அதனால் ஞாயிறு நிழல் ஒருத்தருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். இன்றைக்கு ஜெயசுதாவுக்கு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மங்கை வருகிற வரைக்கும்.

தொண்டூர்க்காரி. மொபெட்டில் பானையைக் கட்டிக்கொண்டு போன மாதம் வந்து இறங்கினாள். வெயிலிலேயே பெரிய குடை ஒன்றை நட்டாள். நிழல் கேட்கவில்லை, யாரிடமும் வம்புக்கும் போகவில்லை. ஆனால் அவள் விற்றது ஜெயசுதா விற்கிற அதே நீர்மோர். பாதி விலை. இஞ்சி தூக்கலாக வேறு.

ஒரே வாரத்தில் ஜெயசுதாவின் பானை சாயங்காலம் பாதி நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பியது. அவள் உட்கார்ந்து பேரூராட்சி ஆபீசுக்கு ஒரு மனு எழுதினாள். 'அனுமதியின்றி விற்கும் மேற்படி பெண்ணை உடனே அப்புறப்படுத்த வேண்டும். நாங்கள் நிழலைக்கூட முறைவைத்துப் பகிர்ந்து வாழ்கிறோம். இவர் எங்கள் முறையில் இல்லாதவர்.' அந்தக் கடைசி வரி அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இளநீர்க்கார தனசேகரன் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "யக்கா, ரோசனை பண்ணித்தான் செய்றியா? மதுரை நாயக்கரு இப்டித்தான் ஒரு தகராறுக்கு பீஜப்பூர் சுல்தான் படையத் தொணைக்குக் கூப்ட்டாரு. வந்த படை இன்னா பண்ணுச்சு? இந்தக் கோட்டைய தனக்கே வச்சுக்கிச்சு. அப்றம் கூப்ட்ட ஆளுகிட்டயே போயி கப்பம் கேட்டுச்சு."

"கைடு பின்னாடி இளநி தூக்கினு ஓடுறதுல வாத்தியாராவே ஆயிட்ட நீ. போடுடா கையெழுத்த."

போட்டான்.

இப்போது ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரியின் கையில் அந்த மனு.

"ஜெயசுதா யாரு?"

"நான்தான் சார்."

"பர்மிஷன் இல்லாம விக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. சரிதான். உங்க பர்மிஷன் எங்க?"

இருபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

அதிகாரிக்குக் கோபமெல்லாம் இல்லை. வெயில்தான் தாங்கவில்லை. "பாரும்மா. சண்டை இல்லாத எடத்துல எனக்கு வேலை இல்ல. சண்டைன்னு பேப்பர் வந்துட்டா நான் சும்மா இருக்க முடியாது. எல்லாரையும் எடுத்துட்டு, ஒரே ஒரு கடை கட்டி, ஏலம் விட வேண்டியதுதான். எடுக்கறவங்க எடுத்துக்கட்டும்."

ஏலத்தை எடுக்கப்போவது யார்? நிச்சயம் தள்ளுவண்டிக்காரர்கள் இல்லை. ஐந்து பேரும் ஜெயசுதாவைப் பார்த்தார்கள். தனசேகரன் அவளைப் பார்த்துவிட்டுக் கோட்டையைப் பார்த்தான்.

"சண்டையெல்லாம் ஓஞ்சுபோச்சு சார்," என்றாள் ஜெயசுதா அவசரமாக. "அந்தப் பொண்ணும் எங்க ஆளுதான்."

அதிகாரி மனுவைப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. "நிழலுக்கு முறை இருக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவங்க உங்க ஆளுன்னா அவங்க முறை எப்போ?"

அடுத்த வாரம் என்று சொல்லலாம். நம்புவாரா? ஜெயசுதா மரத்தைப் பார்த்தாள். கோட்டைக்குள்ளிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் ஆறு வாரமாகக் காத்திருந்த கூட்டம்.

"இன்னிக்குத்தான் சார்."

"அப்போ நிழல்ல ஏன் உங்க வண்டி நிக்குது?"

"அவ லேட்டு சார். அதான் நகத்திக்கினு இருக்கேன்."

சொன்ன கையோடு சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைக் காலால் எத்திவிட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினாள். "ஏய் மங்க! இன்னா வேடிக்கை பாக்குற? உன் முறைக்கு நான் காவலா?"

மங்கை முழித்தாள். தனசேகரன் அவள் பானையை அவனே தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தான். அதிகாரி நிழலில் நின்று இரண்டு டம்ளர் மோர் குடித்தார், காசு கொடுத்தார். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தூசி அடங்குவதற்குள் பிள்ளைகள் வந்து நிழலை மொய்த்துக்கொண்டார்கள். வெயிலில் நின்ற ஜெயசுதா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு விலையைக் குறைத்துக் கூவினாள். நாலு பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தனசேகரன் வந்தான். விரல் மடக்கிக் கணக்குப் போட்டபடி.

"யக்கா, ஒண்ணு கவனிச்சியா? இப்போ ஆளு ஏழு. கெழமையும் ஏழு. இன்னிக்கு மங்க முறைன்னா அடுத்த ஞாயிறும் மங்கதான். அதுக்கடுத்ததும் மங்கதான்."

"முறைய மாத்திக்கலாம்."

"மாத்தலாம்னு வாயத் தொறந்தா ஏழு பேரும் ஏழு மாதிரி சொல்லுவோம். சண்டையாவும். மறுபடியும் ஜீப் வரும்."

ஜெயசுதாவும் விரலை மடக்கிப் பார்த்தாள். ஏழில் உதைத்தது. ஆள் எட்டானால் ஞாயிறு மறுபடியும் ஆள் மாறி ஆள் சுற்றி வந்தது.

மங்கை பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெயசுதா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க ஊர்ல வியாபாரம் பண்ற ஆளு யார்னா இருக்குதா?"

"எதுக்குக்கா?"

"இங்க இன்னொரு ஆளு வந்தா நல்லாருக்கும்."

மங்கை சந்தேகமாகப் பார்த்தாள். "எங்க அண்ணி இருக்காங்க. சும்மாதான் இருக்காங்க."

"நாளைக்கே வரச் சொல்லு. இன்னா விப்பாங்க?"

"அது தெரியலக்கா. மோரு நல்லா போடுவாங்க."

மோர் மட்டும் வேண்டாம் என்று சொல்ல ஜெயசுதா வாயெடுத்தாள். ஜீப் போன ரோட்டை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னாவோ வித்துக்கட்டும்," என்றாள். "வரச் சொல்லு."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் வண்டியை நிறுத்தி, வழக்கமாக வாங்குவதைவிடக் கூடுதலாக இஞ்சி வாங்கினாள்.