வேலியில் வைத்த கதவு

...திறக்காது, திறக்கவே திறக்காது, டிவி தொடருக்காக வேலியில் ஆணியடித்த வெறும் பலகை என்று ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், செட்டைக் கழற்ற வந்த தச்சன் ஒற்றை விரலால் தள்ளினான், முனகல்கூட இல்லாமல் திறந்துகொண்டது, கீலில் எண்ணெய் மினுங்குகிறது, யார் போட்டது எண்ணெய்? மெல்பர்னின் இந்த முட்டுச்சந்தில் ஆறு வீட்டு வாசலையும் முப்பது வருடம் தொலைக்காட்சித் தொடருக்கு விட்டிருந்தோம், என் வராந்தாவில் மட்டும் நாலு பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் மறுவருடமே திரும்பி வந்தார்கள், ஒருவன் வேறு முகத்தோடு, நான் அசரவில்லை... இப்போது தொடர் முடிந்து, வைத்ததையெல்லாம் கழற்ற வந்திருக்கிறார்கள், ஒரு வேலிக்கதவை நான் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்க்கிறேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது கதவு, குப்பை என் மனைவி நோரீனின் வேலை, நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கிறது, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, ஒன்றில் தொலைந்துபோனதாக நான் நினைத்த எங்கள் நாற்காலி மெத்தை, இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் கிளைவ்.

கிளைவ்! கதையில் அவன் வீடு டாக்டர் வீடு, என் வீடு விஷம் வைத்தவள் வீடு, "என் வீட்டுக் காப்பியை நம்பிக் குடிக்கலாம்" என்று பஸ்ஸில் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் சொன்னானே, அன்றோடு பேச்சு முறிந்தது, நோரீனும் பேசமாட்டாள் என்று நானே அறிவித்தேன். அவன் தலையைத் திருப்பவில்லை. "என்ன நோரீன், காலைலயே வந்துட்ட? அந்த மூஞ்சி அதுக்குள்ள டிவி முன்னால உக்காந்துடுச்சா?"

மூஞ்சி நான்தான். "கண்ணு போய் மூணு வருஷமாச்சு அவருக்கு," என்றாள் நோரீன் என் பின்னாலிருந்து, "பேப்பர் யாரு படிச்சுக் காட்டுவா?" கண் போய்விட்டதா... திமிரில்தான் என்னைப் பார்க்காமல் போகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்? "எப்போ போவ?" என்றேன். "சாயங்காலம் ஆறரைக்கு." ஆறரை என் தொடர் ஓடின நேரம், அதில் அந்த விஷம் வைத்தவள், ஸ்டுடியோவில் செய்த இதே மாதிரிக் கதவைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவாள், நான் நாற்காலி நுனிக்கு வந்து கத்துவேன், புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று... கத்தும்போது பக்கத்து நாற்காலியில் நோரீன் இருந்தாளா? ஒரு நாளாவது? ஞாபகம் இல்லை.

"பெரியவரே, கழட்டவா, விடவா?" என்கிறான் தச்சன். நோரீன் என்னைப் பார்க்கவில்லை, அவன் கையிலிருக்கிற திருப்புளியைப் பார்க்கிறாள். கழற்று என்றால் கழன்றுவிடும், விடு என்றால்... தொடரும் முடிந்துவிட்டது, அவள் கிளம்புவது எனக்குக் கேட்கும், ஆறரையிலிருந்து ஏழுவரை நான் எங்கே உட்கார்ந்திருப்பது?