காதைக் கேட்ட ஊசி

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அக்காவுக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது. தையல் கூடத்தில் விடுப்புக் கேட்டுக் கேட்டு வாயும் ஓய்ந்துவிட்டது. தங்கைக்குச் சிறுநீரகத்தில் கிருமி. எந்த மாத்திரைக்கும் அது மசியவில்லை. கடைசியில் டாக்டர் அமிகாசின் ஊசிக்கு வந்தார்.

"இந்த வகை மருந்தைக் குடல் உறிஞ்சாது, அதனால ஊசிதான். நல்லாக் கேக்கும். ஆனா சிறுநீரகத்தையும் காதையும் பதம் பாத்துடும். ரத்தத்தை அடிக்கடி சோதிப்போம். காது இரைஞ்சா உடனே சொல்லணும்."

ஊசி கேட்டது. காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லும் அளவுக்குத் தங்கை தேறினாள். அப்போதுதான் அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

ஒரு நாள் காலையில் தலையணைக்குப் பக்கத்திலேயே கைபேசி சிணுங்கியது. தங்கை பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், போன் அடிக்குதுடி!"

தங்கையின் முகம் சுருங்கியது. "கொஞ்ச நாளா காதுக்குள்ள வண்டு குடையற மாதிரி இருக்குக்கா. டாக்டர்கிட்ட சொல்லிடாத. ஊசிய நிறுத்திட்டா மறுபடி அந்தக் குளிர் நடுக்கம் வரும். என்னால முடியாது."

"உன் வேலையே போன்ல பேசறதுதானேடி?"

"வேலை கெடக்கு. உயிர் இருந்தா உப்பு வித்தாவது பொழைக்கலாம்."

வாதாட அக்காவுக்குத் தெம்பில்லை. ஆனால் நர்ஸ் ஊசியோடு வந்ததும் எழுந்து குறுக்கே நின்றாள்.

"இருங்க சிஸ்டர். இவளுக்குக் காது இரையுது."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் அந்த ஊசியை நிறுத்தி, கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைத்திருந்த வேறு ஊசிக்கு மாற்றினார். தங்கை பயந்த நடுக்கம் வரவில்லை, கிருமி ஒழிந்தது. காதைச் சோதித்தவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். கீச்சுக்குரல், மணியோசை எல்லாம் இனி சரியாகக் கேட்காது. "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்திட்டோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா துணி மூட்டையைக்கூட அவிழ்க்காமல் தரையில் சாய்ந்தாள்.

"எனக்கு உன்மேல கோபந்தான்" என்றாள் தங்கை.

"இருக்கட்டும்டி. கோபப்பட நீ இருக்கியே."

"என்ன? சரியாக் கேக்கல."

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தங்கைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, உதடு தெரியும்படி மறுபடி சொன்னாள்.