மருமகள் மார்த்தா

மூன்று மாதமாக ரஞ்சினி சந்திரவதனாவை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. தமிழில் அப்படியும் காலம் தள்ளலாம் என்பதை அந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். "சோறு போட்டாச்சோ?" "குசினி லைட் எரியுது." "பஸ்ஸுக்கு நேரமாச்சு." எல்லாம் சுவரிடம் சொல்வது போலவே இருக்கும். அம்மா இல்லை, சின்னம்மா இல்லை, வெறும் 'நீங்கள்' கூட இல்லை.

ரஞ்சினியின் அப்பா கணேசலிங்கத்தின் முதல் மனைவி இறந்து சில வருடங்கள் கழித்து அவரைக் கட்டியவள் சந்திரவதனா. யாழ்ப்பாணத்திலிருந்து மூவருமாக சிட்னிக்கு வந்தது எழுபத்தேழாம் ஆண்டு. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தாயாவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை சும்மா இருந்தால்தானே. கதிரைகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். மறுநாள் பழையபடி இழுத்தாள். பென்டில் ஹில் புறநகரின் வாடகை வீட்டில் அவள் துடைக்காத கதவுப்பிடி கிடையாது.

இதில் புருஷன் வேறு எண்ணெய் ஊற்றினார். "பிள்ளை இஞ்ச ஒட்டுறாள் இல்லை. டேர்ம் முடிய மெல்பேணில தங்கச்சி வீட்ட விடுவம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லச் சொல்லியிருக்கிறன்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தச் சிக்கலையும் ரயிலேற்றி அனுப்பிவிடலாம் என்று நம்புகிறவர்.

சந்திரவதனாவுக்கு அந்தப் பெண் வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். 'இரு' என்று கேட்கத்தான் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாத நேரங்களில் பக்கத்து வீட்டு மிஸஸ் பிரிச்சட்டிடம் போவாள். ஓய்வு பெற்ற ஆசிரியையான அந்த அம்மா தன் வம்சத்தைத் தேடி எழுதிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், டைப் அடித்த கை சந்திரவதனாவுடையது. அதனால் அடித்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது.

வம்சத்தின் மூத்தவர் ஜோசையா ஃபென்விக். நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு, கப்பல் பட்டியலில் பெயர்கூட எழுதப்படாத, தாயில்லாத மூன்று பெண் குழந்தைகளோடு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர். பரமட்டாவுக்கு அப்பால், யாருடைய காடு என்று கேட்காமலே வெட்டித் திருத்திப் பண்ணை போட்டார். பிறகு ஹன்னா என்ற விதவையை மணந்தார். அவளுக்கு ஏற்கனவே இரண்டு மகன்கள். இருவருக்குமாகப் பிறந்ததெல்லாம் பெண்கள். உன் பிள்ளை, என் பிள்ளை, நம் பிள்ளை என்று ஒரே கூரைக்குள் ஒரு ஊரே இருந்திருக்கிறது.

மிஸஸ் பிரிச்சட்டை உறங்கவிடாதது ஒரு கல்லறைக் கல். ஹன்னாவின் கல்லில், 'டோட்டர்-இன்-லோ மார்த்தா நட்டது', அதாவது மருமகள் நட்டது, என்று இருந்தது. தான் அந்த மார்த்தாவின் வழியில் வந்தவள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். ஆனால் ஹன்னாவின் மூத்த மகன் சிறுவயதிலேயே ஆற்றில் போய்விட்டான். இளையவன் கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை. மகன் கட்டாமல் மருமகள் எங்கிருந்து முளைத்தாள்?

"எங்கள் பாஷையில் அண்ணன் மகளும் மருமகள்தான்," என்றாள் சந்திரவதனா. "ஒருவேளை மார்த்தா ஹன்னாவின் அண்ணன் மகளோ?"

மிஸஸ் பிரிச்சட் சிரித்துவிட்டார். "அது உங்கள் ஊரில், டியர். இங்கிலீஷில் ஒரு சொல்லுக்கு ஒரே..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். பிறகு எழுந்து போய், தாத்தா காலத்துத் தடித்த அகராதியைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். அந்தக் காலத்தில் கணவனின் முதல் தாரத்து மகளையும் இங்கிலீஷ்காரர்கள் 'டோட்டர்-இன்-லோ' என்றே சொல்லியிருக்கிறார்கள்.

மார்த்தா மருமகளே இல்லை. கப்பலில் வந்த குழந்தைகளில் ஒருத்தி. ஹன்னா பெறாத மகள்.

சந்திரவதனாவின் ஊகம் சுத்தப் பிழை. ஆனால் அந்தப் பிழைதான் பூட்டைத் திறந்தது. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் "அப்பிடியோ" என்று பருப்பை ஊற்றிக்கொண்டார். ரஞ்சினிதான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அந்தக் கல்லு இன்னும் நிக்குதோ?"

"ஓம். சனிக்கிழமை பாக்கப் போறம்." வரச்சொல்லிக் கேட்கவா, வேண்டாமா என்று சந்திரவதனா தவித்தாள். கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் ரஞ்சினி சப்பாத்துப் போட்டுக்கொண்டு மிஸஸ் பிரிச்சட்டின் காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் பழைய கல்லறைகள் புல்லுக்குள் புதைந்து கிடந்தன. ஹன்னாவின் கல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மிஸஸ் பிரிச்சட் குனிந்து மார்த்தாவின் பெயரை விரலால் தடவிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"உங்கள் மகளா?" என்று சந்திரவதனாவிடம் கேட்டார்.

ஆம் என்றால் அவள் கோபிப்பாளோ. இல்லை என்றால் தன் வாயே தன்னைச் சுடும். சந்திரவதனா கைப்பையின் பிடியை முறுக்கினாள்.

"டோட்டர்-இன்-லோ," என்றாள் ரஞ்சினி.

அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயதிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள் போல என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு இயந்திரத்திடம் திரும்பிப் போனார்.

சந்திரவதனாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. ரஞ்சினி அவளைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெல்பேணுக்குப் போனா உங்களுக்கு ஆர் கல்லு நடுறது?"

'உங்களுக்கு.' மூன்று மாதத்தில் முதல் தடவை.

"எங்கட ஆக்களுக்குக் கல்லு இல்லைப் பிள்ளை. எரிக்கிறது," என்றாள் சந்திரவதனா.

"அதுக்கும் ஆள் வேணும்தானே, சின்னம்மா."

அன்று வீட்டுக்கு வந்து சந்திரவதனா ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். அது ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றுகூட அவள் பார்க்கவில்லை.